அலுமாரிக்குள் பழுத்த சாக்கே

கேள்வி: ஜப்பானில் வேலை செய்த என் அத்தான் 2018இல் ஒரு போத்தல் சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது, கொண்டுவந்து தந்தார். உவர்மலை வீட்டு அலுமாரியில் வைத்ததோடு மறந்துபோச்சு. போன கிழமை எடுத்துப் பார்த்தால், தண்ணீர் மாதிரி இருந்தது இப்போது பிளேன்டீ நிறம்! பழைய சாக்கேக்கு ஜப்பானில் நல்ல மதிப்பாமே. இது அந்த வகையா, ஊற்ற வேண்டியதுதானா?

பதில்: நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அரிசியில் இருந்து வந்த சீனியும் அமினோ அமிலங்களும் போத்தலுக்குள் மெல்ல மெல்லக் கூடிப் பழுப்பாகின்றன. பாண் வேகும்போது மேல்தோல் சிவக்கிறதே, அதே மெயிலார்ட் வினைதான், அடுப்பில்லாமல் வருடக்கணக்கில் நடக்கிறது. திருகோணமலை வெக்கையில் அடுப்பும் இருந்த மாதிரித்தான், ஆகவே உங்கள் போத்தல் வயதுக்கு மீறிக் கறுத்திருக்கும்.

ஜப்பானியர் 'கோஷூ', அதாவது முதிர்ந்த சாக்கே, என்று மதிப்பது வேறு. இதற்கென்றே 1985இல் தொடங்கிய தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி, சீனி சேர்க்காத சாக்கே செய்த இடத்திலேயே 3 வருடமாவது முதிர்ந்திருக்க வேண்டும். மற்றப்படி பெரும்பாலான சாக்கே, கடைக்கு வந்து ஒரு வருடத்துக்குள் குடிக்கத்தான். அத்தான் தந்தது பூவும் பழமும் மணக்கும் கின்ஜோ வகைச் சாக்கே என்றால், அந்த மணம் எப்போதோ போயிருக்கும்.

சரி, இனி மூக்கை நம்புங்கள். ஒரு சின்ன வெள்ளைக் கோப்பையில் இரண்டு விரல் அளவு ஊற்றி, குடிக்காமல் மணந்து பாருங்கள். கித்துள் பாணி, சோயா சோஸ், உலர்ந்த முந்திரிகைப் பழம், அதோடு சட்டியில் வறுத்த வெந்தயம், இப்படி வந்தால் அதிர்ஷ்டம். வெந்தயம் என்று சும்மா சொல்லவில்லை: வெந்தயத்துக்கு அந்த மணத்தைக் கொடுக்கும் சோட்டோலோன் என்ற பொருள்தான் கோஷூவிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர் கரமல் என்று எழுதுகிற இடத்தில் நம் ஆட்களுக்கு குசினி ஞாபகம் வரும். அவித்த கோவாவை மூடி வைத்து அடுத்த நாள் திறந்த மாதிரி மணந்தால் அது 'ஹினேகா', முதிர்ச்சி இல்லை, கெடுதல். கலங்கிப் புளித்திருந்தாலும் யோசிக்காமல் ஊற்றுங்கள்.

கேள்வி: நல்லதாக இருந்தால் எப்படிக் குடிப்பது? ஐஸ், சோடா?

பதில்: இரண்டும் வேண்டாம், இது சாராயம் இல்லை. பெரும்பாலும் 15, 16 சதவீத அல்கஹோல்தான். சாதாரண வெப்பநிலையில் குடிக்கச் சொல்வார்கள், ஆனால் அவர்களுடைய சாதாரணம் 20 பாகை, நம்முடையது 30க்கு மேல். ஆகவே பிரிஜ்ஜில் வைத்து, எடுத்துக் கால் மணி நேரம் கழித்து, வைன் கிளாஸில் கொஞ்சமாக. அல்லது சுடுநீருக்குள் வைத்து 40, 45 பாகைக்குச் சூடாக்குங்கள், கசப்பு தணியும். பக்கத்தில் வடை, மிக்சர் வேண்டாம். கறுப்பாய் வற்றவைத்த கணவாய்க் கறி எடுபடும்.

கேள்வி: இவ்வளவு நல்லதென்றால் ஏன் எங்கும் கிடைப்பதில்லை?

பதில்: வரிதான். ஜப்பானில் மெய்ஜி காலத்தில் (1868–1912) விற்றதற்கு அல்ல, செய்த அளவுக்கே வரி கட்ட வேண்டி வந்தது. வரி கட்டிய சரக்கை எவன் பத்து வருடம் பூட்டி வைப்பான்? அந்த வரி முறை போய்விட்டது, இப்போது சிலர் திரும்பச் செய்கிறார்கள், ஆனால் விலை கூட.