கேசட்டை ஊதினால் கதவு திறக்கும்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மொபைல் கடை வைத்திருக்கிறேன், வயது 36. 2060-ல் நடக்கிற அறிவியல் கதை ஒன்று எழுதுகிறேன். சாகப்போகும் கேம் முதலாளி தன் விஆர் (மெய்நிகர்) உலகத்துக்குள் ஒரு பரிசை ஒளித்து வைக்கிறார். 80-களின் அமெரிக்க கேம், படம் எல்லாம் கரைத்துக் குடித்த பையன் அதைத் தேடிப் போகிறான். படித்த நண்பர்கள் பட்டியல் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கே தப்பு? மூன்று அத்தியாயம் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். செத்த முதலாளி, ஒளித்து வைத்த பரிசு, 80-களின் ஞாபகம், இந்த மூன்றையும் வைத்து எர்னஸ்ட் கிளைன் 2011-லேயே 'ரெடி பிளேயர் ஒன்' நாவலை எழுதிவிட்டார், 2018-ல் ஸ்பீல்பெர்க் படமாகவும் எடுத்தாயிற்று. படித்தவன் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவான்.

சரி, அது போகட்டும். கேமுக்குள் ஒளித்து வைப்பதில் பேர்போனது 1980-ல் அட்டாரி கம்பெனியின் 2600 என்ற டிவி கேம் பெட்டிக்கு வந்த 'அட்வென்ச்சர்'. அப்போது அந்தக் கம்பெனி கேம் செய்தவர் பெயரைப் போடாது. அதைச் செய்த வாரன் ராபினெட், நாலு கிலோபைட்டுக்குள் முழு கேமையும் அடைத்து, யாரிடமும் மூச்சு விடாமல் ஒரு ரகசிய அறையையும் அதிலேயே கட்டினார். தரையின் நிறத்திலேயே கிடக்கிற ஒரே ஒரு புள்ளியைத் தடவி எடுத்துக்கொண்டு வந்தால்தான் உள்ளே போகலாம். போனால் அவர் பெயர் மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். வேலை செய்தவனின் வயிற்றெரிச்சல் அது. உங்கள் கதையின் முதலாளிக்கு என்ன குறை, எதற்காக ஒளிக்கிறார்? அங்கேதான் கதை ஒட்டவில்லை.

ஒளிக்கிற ஆளை மாற்றுங்கள். அந்த விஆர் உலகத்தின் தெருவையும் சுவரையும் வரைந்து கொடுத்தவர்களில் ஒருவன் உங்கள் ஊர்க்காரன், பெயர் எங்கேயும் வரவில்லை என்று வையுங்கள். அவன் அட்டாரியையா ஒளிப்பான்? நம் பக்கம் வந்தது '9999 இன் 1' லேபிள் ஒட்டிய மஞ்சள் கேம் கேசட்தானே, உள்ளே ஏழெட்டு கேமே திரும்பத் திரும்ப வருமே, அதுதான். நான் பொள்ளாச்சியில் மணிக்கு அஞ்சு ரூபாய் கொடுத்து ஆடியவன். கான்ட்ரா கேம் பாதியில் உறைந்துவிடும். கடைக்கார அண்ணன் கேசட்டை உருவி, அடிப்பக்கம் வாயை வைத்து 'உஃப்' என்று ஊதிச் சொருகுவார், கிளம்பிவிடும். ஊதலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, உருவிச் சொருகும்போது பின்கள் சரியாக உட்காரும், அவ்வளவுதான். எச்சில் ஈரம் பட்டுப் பின்கள் கறுத்ததுதான் மிச்சம்.

அந்த ஊதலையே சாவியாக வையுங்கள். தலையில் மாட்டும் விஆர் ஹெட்செட்டில்தான் மைக் இருக்கிறதே. நாயகனையும் எழுபது வயதுக்காரர் ஆக்குங்கள், ஹெட்செட் மாட்டினால் கண் ஓடுகிறோம் என்னும், உள்காது உட்கார்ந்திருக்கிறோம் என்னும், குமட்டிக்கொண்டு வரும், அதையும் எழுதுங்கள். பூட்டிய கதவுக்கு முன் பொடியன்கள் பாஸ்வேர்ட் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, இவர் கடுப்பில், பழக்கதோஷத்தில் ஊதட்டும். உள்ளே வேலந்தாவளம் கேம் கடையின் கணக்கு நோட்டு. யார் எத்தனை மணி ஆடினான், யார் கடன் பாக்கி என்று கடைக்காரச் சேட்டன் மலையாளத்தில் கிறுக்கி வைத்த பெயர்கள். அதில் ஒன்று அந்த வரைந்தவனுடையது.

அப்புறம், மூன்றாம் அத்தியாயத்தில் பதினோரு அமெரிக்கப் படங்களின் பெயர் வருகிறது. அவ்வளவையும் வெட்டிவிட்டுத் திரும்ப அனுப்புங்கள்.