வலி நிவாரணத்துக்காகக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா?

"புற்றுநோய் வலியில் துடிப்பவர்களுக்காகவாவது இந்தியாவில் கஞ்சாவை அனுமதிக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு ஒரு நாள் ராத்திரி பொட்டலமாகவே வந்து சேர்ந்தது. அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

நாங்கள் பாலக்கோடு பக்கம், தக்காளி போடுகிற குடும்பம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து மூன்று வருடம் நன்றாக இருந்தவருக்கு நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. பெங்களூரில் பார்த்த ஆஸ்பத்திரியில் "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, பாராசிட்டமாலும் டிரமடாலும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அது கேட்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அம்மா ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பார். படுத்தால் குத்தும், புரண்டால் உயிர் போகும். நாள் பூராவும் குனிந்து காய் பறித்தாலும் இடுப்பு வலி என்று வாய் திறக்காத மனுஷி, "கண்ணு, ஏதாவது குடுத்து என்னை முடிச்சுடுடா" என்று என்னிடம் கேட்டார்.

அந்த வாரம்தான் மாமா பொட்டலத்தோடு வந்தார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அக்கா படும் பாட்டைப் பார்க்க முடியாமல் வந்தவர், அவரை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். "இது கோரக்கர் மூலிடா, சித்தர் சொன்ன மருந்து, அமெரிக்காவுல டாக்டரே எழுதித் தர்றான்" என்றார். பாலில் போட்டுக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை கலந்து அரை தம்ளர் கொடுத்தோம். அரை மணி நேரம் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. சரி என்று இன்னொரு அரை தம்ளர். தப்பு அங்கேதான் நடந்தது. புகையாக இழுத்தால் சில நிமிடத்தில் ஏறுவது, வயிற்றுக்குள் போனால் ஏறுவதற்கே ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகும், கல்லீரல் வழியாகப் போகும்போது இன்னும் வீரியமாக மாறும், இறங்கவும் வெகுநேரம் பிடிக்கும் என்பதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. பதினோரு மணிக்கு அம்மாவுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. "ஓட்டு மேல யாரோ நடக்கறாங்க" என்று என் கையைப் பிடித்தவர் விடியும்வரை விடவில்லை, நகம் பதிந்த தடம் ரெண்டு நாள் இருந்தது. மறுநாள் மத்தியானம்வரை தூங்கினார். எழுந்ததும் அதே வலி.

ஒரு வீட்டில் ஒரு ராத்திரி நடந்ததை வைத்து கஞ்சாவில் மருந்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கீமோ வாந்திக்கு அதன் முக்கியப் பொருளை வைத்துச் செய்த டிரோனபினால் மாத்திரையை அமெரிக்கா 1985-லேயே அனுமதித்தது. குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் போதை தராத இன்னொரு பொருள் 2018-ல் மருந்தாக வந்தது. ஆனால் வலி என்று வரும்போது பேச்சு மாறுகிறது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாடமிகள் 2017-ல் நாள்பட்ட வலிக்குப் பலன் இருப்பதாகக் கணிசமான ஆதாரம் உண்டு என்றார்கள். உலக அளவில் வலியை ஆராய்கிறவர்களின் சங்கம் 2021-ல் எல்லாவற்றையும் அலசிவிட்டு, பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது. மற்ற மருந்துக்குக் கேட்காத புற்றுநோய் வலிக்கு, அளவு தெரிந்து வாயில் அடிக்கும் கஞ்சா ஸ்ப்ரேயை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடத்திப் பார்த்தார்கள், மருந்தே கலக்காத வெற்று ஸ்ப்ரேயைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. ஆராய்ச்சி நடக்கட்டும், நடக்கவே வேண்டும். 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில் மிக ஆபத்தான பொருள்களின் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்கலாமா என்று ஓட்டெடுத்தபோது இந்தியாவும் எடுக்கலாம் என்றுதான் ஓட்டுப் போட்டது. 27-க்கு 25 என்று நூலிழையில் ஜெயித்த தீர்மானம் அது.

இப்போது எனக்கு ஆறாத விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் கஞ்சாவைத் தடுக்கிற அதே 1985-ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்துக்குள்தான் அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினும் வருகிறது. கடும் வலிக்கு மார்ஃபின் வேலை செய்யும் என்பதில் டாக்டர்களுக்குள் சண்டையே கிடையாது, உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக என்ன கொடுப்பது என்று எழுதி, மேல் படியில் அதைத்தான் வைத்தது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசே உரிமம் கொடுத்து, நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற கசகசா விளையும் அதே செடியைப் பயிர் வைத்து அபின் எடுக்கிறது. ஆனாலும் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் மாத்திரையை வாங்கி வைக்கவே பயந்தன, ஏனென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதமாக நாலைந்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி ஒரே உரிமம் போதும் என்றார்கள். கேரளாவின் டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் இதற்காக எத்தனை வருடம் நடந்தார்கள் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்களுக்கு வழி காட்டியது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் அக்கா. 2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. அம்மாவைப் பார்த்ததுமே, "தம்பி, இவங்களுக்கு மார்ஃபின் இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதலில் கேட்கிறேன். அவர் சொன்ன இடத்துக்குச் சேலம் போனேன். பத்து மில்லிகிராம் மாத்திரை, நாலு மணி நேரத்துக்கு ஒன்று. திரும்பி வரும்போது தொப்பூரில் பஸ்ஸை நிறுத்திக் கஞ்சா சோதனை. என் பையைத் திறந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. போலீஸ்காரர் டாக்டர் சீட்டை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் வரி வரியாகப் படித்தார், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார், மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு "யாருக்கு?" என்றார். அம்மாவுக்கு என்றேன். "போங்க, பார்த்துக்குங்க" என்று அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் ராத்திரி அம்மா படுத்துத் தூங்கினார். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, எப்போதும் தூங்குகிற மாதிரி. நானும் தங்கச்சியும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஆகவே என் பதில் இதுதான். கடையில் விற்கிற அளவுக்குக் கஞ்சாவைத் திறந்துவிட வேண்டாம். தாய்லாந்து 2018-ல் மருந்துக்கு என்று தொடங்கி, 2022-ல் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்து, தெருவுக்குத் தெரு கடை முளைத்த பிறகு 2025-ல் மறுபடி டாக்டர் சீட்டு கட்டாயம் என்று திரும்பியது. இங்கே ஓசூர் பக்கம் பதினாறு வயதில் ஆரம்பித்து, காதில் குரல் கேட்கிறது என்று இப்போது சிகிச்சையில் இருக்கிற பையனை எனக்குத் தெரியும். சின்ன வயதில் தொடங்கினால் மனநோய்க்கான ஆபத்து கூடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம். அதேபோல், ஒரு பொட்டலத்தோடு பிடிபட்ட பையனை ஜெயிலுக்கு அனுப்புவதைவிடச் சிகிச்சைக்கு அனுப்புவதே சரி, அதற்கான பிரிவு அந்த 1985 சட்டத்திலேயே இருக்கிறது. கஞ்சா மருந்து டாக்டர் கையில், அளவோடு, ஆய்வோடு வரட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் அம்மா மாதிரி ஆட்களின் வலியைக் காட்டிக் கஞ்சாவைக் கேட்கிறவர்கள், நிரூபணமான மருந்து ஏன் இன்னும் தாலுகா ஆஸ்பத்திரிவரை வரவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்காதது எனக்கு வலிக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படித் துடித்துக்கொண்டிருந்தால், அரசின் சுகாதார உதவி எண்ணான 104-க்குப் போன் போட்டு பக்கத்தில் எங்கே நோய்த்தணிப்பு சிகிச்சை, அதாவது பேலியேட்டிவ் கேர், இருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதே வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள், 'வலி மாத்திரை' என்று மட்டும் கேட்டால் பழைய மாத்திரையையே தருவார்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான். மார்ஃபினோடு மலச்சிக்கலுக்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். நாங்கள் அதை விட்டுவிட்டு அம்மா ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பட்ட அவஸ்தை வேறு யாருக்கும் வேண்டாம்.