மேப் வந்த பிறகு வழி தெரியாதவர்களாக ஆகிவிட்டோமா?

"பக்கத்துத் தெருவுக்குக்கூட மேப் போடுகிறோம், யாரிடமும் வழி கேட்பதில்லை, மூளையே மழுங்கிவிட்டது, இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குக் கண் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். பைக்கில் போனை மாட்டிக்கொண்டு ஓட்டுபவராக இருப்பீர்கள். உங்கள் கவலை நியாயமாகவே இருக்கலாம். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அதனால் என் பதில் வேறு.

வழி கேட்பது மனிதர்களைச் சேர்க்கும் நல்ல பழக்கம் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எப்போதாவது கேட்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். நான் ஆசிரியை வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டிலிருந்து பள்ளி வரை கேட்டுக்கொண்டேதான் போயாக வேண்டும். வருவது எந்த பஸ், எங்கே நிற்கிறது, இப்போது எந்த ஸ்டாப்? கிழக்குத் தாம்பரத்தில் ஏறிப் பள்ளிக்கரணையில் இறங்க வேண்டும். ஸ்டாப்பை எண்ணிக்கொண்டே போகலாமே என்பீர்கள். ஏறவும் இறங்கவும் ஆள் இல்லாவிட்டால் டிரைவர் நிறுத்தமாட்டார், எண்ணிக்கை அங்கேயே தப்பிவிடும். கண்டக்டரிடம் சொல்லி வைத்தால் "சொல்றேம்மா" என்பார். நெரிசலில் டிக்கெட் கொடுக்கிறவருக்கு என் ஸ்டாப் ஞாபகம் இருந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினால் உங்களுக்கு அது கொஞ்ச தூர நடை. எனக்கோ வேளச்சேரி ரோட்டைக் கடந்து, கால் பழகாத இடத்தில் வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு திரும்பி வருவது.

இப்போது போனில் டாக்பேக்கும் மேப்பும் சேர்ந்து அந்தக் கேள்விகளில் பாதியை எடுத்துக்கொண்டன. டாக்பேக் என்பது திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் வசதி, மேப் படத்தில் நகர்வதை அது சொல்லாது. அதனால் நீங்கள் பார்க்கும் நீலப்புள்ளி எனக்குக் கிடையாது. இன்னும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அது எந்தச் சாலை என்று வரிசையாகக் காதில் விழுவதுதான் என் மேப். இயர்போன் ஒரு காதில் மட்டும். இன்னொரு காது வண்டிச் சத்தத்துக்கு வேண்டும். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது, 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அது அப்படியே தொடர்ந்திருந்தால் நான் எந்தத் தெருமுனையில் நிற்கிறேன் என்றே இந்தப் போனுக்குத் தெரிந்திருக்காது. இன்று திறந்த வெளியில் சுமார் 5 மீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. 2023 முதல் சென்னை மாநகரப் பேருந்துகள் சிலவற்றில் ஒலிபெருக்கி அடுத்த ஸ்டாப்பின் பெயரைச் சொல்கிறதே, அதுவும் இதே ஜிபிஎஸ்தான்.

ஒரு மழைக்காலச் சாயங்காலம் வீடு திரும்பும்போது மெயின் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று பஸ்ஸை உள் தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். ஷட்டர் எல்லாம் இறக்கியிருந்தது, வெளியே இருட்டு. பக்கத்தில் இருந்த அம்மா, "எங்க போறாங்க, ஒண்ணும் தெரியலையே" என்று பதறினார். நான் போனைத் தடவிக் கேட்டுவிட்டு, "மேடவாக்கம் ஜங்ஷனுக்கு இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர்மா, மறுபடி மெயின் ரோட்டுக்குத்தான் போகுது" என்றேன். முன் சீட்டில் இருந்த பையன் தன் ஸ்டாப்பை பஸ் தாண்டிவிட்டதா என்று கேட்டான். பின்னால் இருந்து இன்னொருவர் கேட்டார். மேடவாக்கம் வரும்வரை அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் என்னிடம்தான் வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள். வாழ்நாள் முழுக்க வழி கேட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உடனே யாராவது 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி பக்கம் நடந்ததைக் கமெண்டில் போடுவீர்கள். மேப் காட்டிய வழியில் போன கார் பாதி உடைந்த பாலத்திலிருந்து ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். கொடுமைதான். ஆனால் வெள்ளத்தில் பாலம் உடைந்த பிறகு குறுக்கே ஒரு தடுப்பு வைக்க யாருமே இல்லையா? மேப்பை நம்பி மட்டும் நானும் நடப்பதில்லை. மூடாத பள்ளத்தையும் நடைபாதையில் நிறுத்திய பைக்கையும் கோல்தான் சொல்லும், மேப் சொல்லாது. நான் போகுமிடமெல்லாம் கம்பெனிக்குத் தெரிகிறதே என்பதும் உண்மை. அந்தப் பயம் எனக்கும் உண்டு. இருந்தாலும் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்குத் தெரிவது அதைவிட எனக்கு முக்கியம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இப்படித் தனியாக, யாரையும் கேட்காமல் ஒரு வங்கிக் கிளைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஏடிஎம் கார்டு மாற்ற வேண்டும். "கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க மேடம்" என்று அனுப்பப் பார்த்தார்கள். காசோலை, ஏடிஎம், லாக்கர் என எந்தச் சேவையையும் பார்வையற்றவருக்கு மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைப் போனில் உரக்க வாசிக்க வைத்த பிறகுதான் படிவம் கொடுத்தார்கள். பள்ளியில் சம்பளம் வாங்கும் ஒருத்திக்கு இதற்கும் துணை வேண்டுமா?

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மேப் என்னைக் கட்டடம் வரை கொண்டுவந்து விடுகிறது, வாசலைத் தேடித்தான் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். பல இடங்களில் மேப்பில் இடத்தைக் காட்டும் குறியீட்டைக் கூரையின் நடுவிலோ பின் தெருவிலோ வைத்திருக்கிறார்கள். எங்கள் பள்ளிக்கும் அப்படித்தான் இருந்தது. என் பழைய மாணவன் ஒருவன் அதை கேட்டுக்கு நேராக நகர்த்தக் கோரிக்கை அனுப்பினான், மாற்றிவிட்டார்கள். உங்கள் கடைக்கோ கிளினிக்கிற்கோ குறியீடு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வாசலுக்கு நேராக இல்லையென்றால், மேப்பிலேயே திருத்தம் சொல்லும் வசதி இருக்கிறது, நகர்த்தி வையுங்கள்.