ஒரு கண்ணில் மட்டும் இமை முடி நீளுவது: சொட்டு மருந்தை நிறுத்த வேண்டாம்

கிளாக்கோமாவுக்கு (கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) வலது கண்ணில் மட்டும் லட்டானோபிராஸ்ட் விடும் அப்பாவுக்கு, அந்தக் கண்ணின் இமை முடி நீண்டு கறுத்துவிட்டது, மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தாதீர்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

அந்த மருந்து, உடலிலேயே உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் எஃப்2 ஆல்ஃபா என்ற பொருளின் செயற்கை வடிவம். உடலில் அந்தப் பொருளுக்கென்றே எஃப்.பி. என்ற ஏற்பி இருக்கிறது. பூட்டும் சாவியும் மாதிரி. கண்ணுக்குள் அந்தப் பூட்டு திறந்தால் சிலியரி தசையின் இழைகளுக்கு இடையில் உள்ள இணைப்புப் பொருள் தளர்ந்து, கண்ணுக்குள் இருக்கும் நீர் அந்த வழியாகவும் வடியும். அழுத்தம் குறையும். ஆனால் இமை முடியின் வேர்களிலும் இதே ஏற்பி உண்டு. வழியும் மருந்து அங்கேயும் வேலை செய்துவிடுகிறது. இதே வகையைச் சேர்ந்த பைமட்டோபிராஸ்ட்டை 2008இல் அமெரிக்காவில் இமை முடி வளர்க்கவே அனுமதித்தார்கள், பாருங்களேன்!

மருந்தை என்றாவது நிறுத்தினால் முடி மெல்லப் பழையபடி ஆகிவிடும். ஆனால் இந்த மருந்தால் கண்மணியைச் சுற்றியுள்ள வளையம் கறுத்தால் அது பெரும்பாலும் மாறாது. நம் ஊர் அடர் பழுப்புக் கண்களில் அது தெரிவதே அபூர்வம்.

இரவில் ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரம் ஒரு நிமிடம் அழுத்தி, வழிந்ததை உடனே துடையுங்கள். கண்புரை அறுவை சிகிச்சை ஏதும் வந்தால் இந்த மருந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கண் சிவந்து வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே காட்டுங்கள்.