“எனக்கு எதுவும் நடக்கலையே, டீச்சர்!”

கேள்வி: சிங்கப்பூர்ப் பள்ளி ஒன்றில் உயர்நிலை மூன்றுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நினைவுக்குறிப்பு (memoir) எழுதச் சொன்னால், எழுதும்படி தங்கள் வாழ்க்கையில் எதுவும் நடக்கவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

வாசிக்கக் கொடுக்கும் நூல்களெல்லாம் போரும் பஞ்சமுமாக இருந்தால் பிள்ளைகள் வேறென்ன சொல்வார்கள்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், பள்ளி விட்டால் துணைப்பாடம் என்று வளர்ந்த பிள்ளைக்குத் தன் வாழ்க்கை வெறுமையாகத்தான் தெரியும். அதே நூல்களில் சாப்பாடோ செருப்போ வருகிற ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வாசியுங்கள். பிறகு வீட்டிலிருந்து பழைய பொருள் ஒன்றைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் மூடி நசுங்கிய டிஃபன் கேரியரைக் கொண்டு வந்தான். “என் தாத்தா கடின உழைப்பாளி” என்று முதல் வரைவைத் தொடங்கியிருந்தான். மூடி எப்படி நசுங்கியது என்று கேட்டேன். தெரியவில்லை. அன்று மாலை தாத்தாவிடம் கேட்டிருக்கிறான். மறுவாரம் தாத்தா துறைமுகத்தில் இரவு வேலை பார்த்த காலம் நான்கு பக்கமாக வந்தது. ‘கடின உழைப்பாளி’ அதில் எங்குமே இல்லை!

அப்புறம், நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். பிள்ளைகளை மனம் திறக்கச் சொல்லிவிட்டு நாம் மட்டும் மூடி வைத்துக்கொள்வது நியாயமில்லை.

கேள்வி: சுயசரிதையும் நினைவுக்குறிப்பும் ஒன்றுதானே?

இல்லை. சுயசரிதை வாழ்க்கை முழுவதையும் சொல்லப் பார்க்கும். உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ அவருடைய ஊரின் கதையிலிருந்தே தொடங்குகிறது. நினைவுக்குறிப்பு ஒரு காலத்தை, ஓர் உறவை மட்டும் எடுத்துக்கொள்ளும். பதினைந்து வயதுக்கு அது போதும்.

கேள்வி: என் பாட்டி தமிழில்தான் பேசுவார். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? அவர் சொன்னது அப்படியே நினைவிலும் இல்லை.

பாட்டி ‘கண்ணு’ என்று கூப்பிட்டால் ஆங்கிலக் கட்டுரையிலும் ‘கண்ணு’ என்றே எழுதும்மா. அப்போது அவர் கை உன் தலையில் இருந்ததையும் எழுதிவிட்டால், பக்கத்தில் உட்காரும் சீனத் தோழிக்கும் மலாய்த் தோழிக்கும் விளக்கம் தேவைப்படாது. சொற்கள் மறந்துபோனதில் தப்பில்லை. சொன்ன விஷயமும் தொனியும் உண்மையாக இருக்க வேண்டும், நடக்காத பேச்சைச் சேர்க்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ‘இப்படிச் சொன்னதாக ஞாபகம்’ என்றே எழுது. அந்தத் தயக்கத்தை நான் மிகவும் மதிப்பேன்.

இன்றே பாட்டியின் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள். நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைப் பதிவு செய்து வருகிறார்கள், தமிழிலும் உண்டு. இணையத்தில் சிலவற்றைக் கேட்டுப் பார். பேட்டி எடுப்பவர் எவ்வளவு சின்னக் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார் என்று கவனி.

கேள்வி: இதெல்லாம் ஓ நிலைத் தேர்வுக்கு (உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு) உதவுமா?

உதவும். ஆங்கிலம் முதல் தாளில் 350 முதல் 500 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும். சொந்த அனுபவத்தைக் கேட்கும் தலைப்புகளும் வருவதுண்டு.

கேள்வி: ஒரு மாணவன் வீட்டுச் சண்டையை எழுதியிருக்கிறான். எப்படித் திருத்துவது?

அன்றைக்குச் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். தனியே கூப்பிட்டுப் பேசுங்கள், ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவனுக்கு வீட்டில் பாதுகாப்பு இல்லையென்று தோன்றினால் அன்றே பள்ளி ஆலோசகரிடம் சொல்லியாக வேண்டும். அப்படி இல்லையென்றால், யார் அதை வாசிக்கலாம் என்பதை அவனே முடிவு செய்யட்டும். நான் மதிப்பெண்ணுக்கு வேறொரு கட்டுரை வாங்கிக்கொண்டு, அந்தத் தாள்களை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.