வாசகர் கேள்விகள்: முப்பத்தைந்து வயதும் குத்துச்சண்டை மேடையும்

கேள்வி: 2025 செப்டம்பரில் கனேலோ அல்வாரெஸை டெரன்ஸ் கிராஃபோர்டு தோற்கடித்தபோது, அவருக்கு 38 வயது நிறைய இரண்டு வாரங்களே இருந்தன. ஆனால் முப்பதைத் தாண்டிய குத்துச்சண்டை வீரர் இறங்குமுகத்தில் இருப்பவர்தான் என்றும், கிராஃபோர்டு ஒரு விதிவிலக்கு என்றும் என் நண்பர்கள் சாதிக்கிறார்கள். முப்பதுகளின் நடுவில் ஒரு வீரர் உண்மையிலேயே தம் உச்சத்தில் இருக்க முடியுமா?
— விருதுநகர் வாசகர்

பதில்: முடியும், ஆனால் எல்லா வகையான வீரராலும் முடியாது. பிறந்த ஆண்டைப் பார்ப்பதற்கு முன், அந்த வீரர் மேடையில் எதை நம்பிச் சண்டையிடுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். நீங்கள் குறிப்பிடும் போட்டியிலேயே, தோற்ற அல்வாரெஸுக்கும் அப்போது 35 வயது ஆகியிருந்தது என்பதை உங்கள் நண்பர்களுக்கு நினைவூட்டலாம். அன்று லாஸ் வேகாஸ் மைதானத்தை நிரப்பிய கூட்டம் பார்க்க வந்தது, முப்பத்தைந்துக்குக் குறையாத இருவரின் சண்டையைத்தான்.

வயது ஏற ஏற எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. முதலில் குறைவது அனிச்சை வேகம், அதாவது எதிராளியின் தோள் அசைந்த கணத்தில் தலையை விலக்கும் திறன். அடுத்து கால்களின் துள்ளலும், கடுமையான சுற்று ஒன்றுக்குப் பிறகு ஒரு நிமிட இடைவேளையில் மூச்சை மீட்கும் ஆற்றலும் குறைகின்றன. குத்தின் வலு வெகுகாலம் நிற்கிறது. ஜாப் எனப்படும் முன்கைக் குத்தைச் சரியான தருணத்தில் நீட்டுவது, எதிராளிக்கு எட்டாத தூரத்தைக் கணித்து நிற்பது, அவருடைய தாளத்தைக் குலைப்பது போன்றவை முப்பதுகளில் இன்னும் கூர்மையடையவும் செய்கின்றன. ஆகவே அனிச்சை வேகத்தின் மீது தம் ஆட்டம் முழுவதையும் கட்டியெழுப்பியவருக்கு 35 வயது ஆபத்தான எல்லை. தூரத்தையும் தருணத்தையும் நம்பியவருக்கு அதே வயது அறுவடைக் காலம்.

இதற்கு ராய் ஜோன்ஸ் ஜூனியரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி, சில சமயம் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டும்கூட எதிராளியை ஏய்த்த வீரர் அவர். 2003 மார்ச்சில், 34 வயதில், எடைப்பிரிவு தாண்டிச் சென்று ஜான் ரூயிஸிடமிருந்து ஹெவிவெயிட் பட்டம் ஒன்றை வென்றார். அதன்பின் அந்தக் கூடுதல் எடையைக் குறைத்துக்கொண்டு மீண்டும் லைட் ஹெவிவெயிட் பிரிவுக்கு இறங்கி, அந்த நவம்பரில் அன்டோனியோ டார்வரைத் திணறித்தான் வென்றார். 2004 மே மாதம் மறுபோட்டி நடந்தது. நடுவர் இருவரையும் அழைத்து விதிகளைச் சொல்லி முடித்தபோது, இன்றைக்கு ஏதாவது சாக்குப்போக்கு உண்டா என்று டார்வர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். இரண்டாம் சுற்றில் ஜோன்ஸ் முன்னே வர, டார்வரின் இடக்கைக் குத்து அவர் முகத்தில் இறங்கியது. விழுந்தவர் ஒருவாறு எழுந்து நின்றபோதிலும் நடுவர் சண்டையை முடித்துவைத்தார். நான்கே மாதங்களில் கிளென் ஜான்சன் ஒன்பதாம் சுற்றில் அவரை நினைவிழக்கச் செய்தார்.

ஜோன்ஸுக்கு வயதாகிவிட்டது என்று மறுநாளே எல்லோரும் எழுதினார்கள். அப்போது அவருக்கு 35 வயது. டார்வருக்கும் 35, ஜான்சனுக்கும் 35. சொல்லப்போனால் டார்வர் ஜோன்ஸைவிட ஏறத்தாழ இரண்டு மாதமும், ஜான்சன் இரண்டு வாரமும் மூத்தவர்கள். வயது மட்டுமே காரணம் என்றால் மூவரும் ஒன்றாகச் சரிந்திருக்க வேண்டுமல்லவா? ஜோன்ஸுக்கு ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமானதும், அவருக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமற்போயிற்று. ஏனெனில் கைகளை உயர்த்தி முகத்தைக் காப்பது என்ற அடிப்படைப் பழக்கத்துக்கு அதுவரை அவருக்குத் தேவையே ஏற்பட்டதில்லை. ஏற்கெனவே பல தோல்விகளைக் கண்டிருந்த ஜான்சனோ, பத்து ஆண்டுகளாகச் செய்த அதே எளிய வேலையை அன்றும் செய்தார்.

2002 ஜூனில் மெம்பிஸ் நகரில் லெனாக்ஸ் லூயிஸ் மைக் டைசனை எட்டாம் சுற்றில் வீழ்த்திய போட்டியும் இவ்வாறே. டைசனுக்கு 36 நிறையப் போகும் நேரம். லூயிஸுக்கு 36 நிறைந்து பல மாதங்கள். தலையை அசைத்தபடி மின்னலாக உட்புகுவது டைசனின் முறை என்பதால், கால்கள் மந்தமானதும் நெடிய உருவமுள்ள லூயிஸின் நீண்ட ஜாப்பைக் கடந்து உள்ளே நுழைய அவருக்கு வழியில்லை.

உங்கள் கேள்வியில் உள்ள ‘உண்மையிலேயே’ என்ற சொல்லுக்குப் பதிலாக பெர்னார்ட் ஹாப்கின்ஸைச் சொல்வேன். 2001 செப்டம்பர் 29 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அவர் எதிர்கொண்ட ஃபெலிக்ஸ் டிரினிடாட் 28 வயதுக்காரர், 40 போட்டிகளில் தோல்வியே காணாதவர், வெல்வார் என்று பெரும்பாலோர் எதிர்பார்த்தவர். 36 வயது ஹாப்கின்ஸ் ஒரு சுற்றைக்கூட அவசரமாக ஆடவில்லை. ஜாப்பை நீட்டி, பக்கவாட்டில் நகர்ந்து, ஹூக் எனப்படும், கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் டிரினிடாட்டின் பேர்போன இடதுகைக் குத்துக்கு இடமே தராமல் அவரைத் தேயவைத்தார். பன்னிரண்டாம் சுற்றில் டிரினிடாட் விழுந்ததும், பயிற்சியாளரான அவருடைய தந்தையே மேடையேற, போட்டி முடிந்தது. ஹாப்கின்ஸின் வாழ்நாள் ஆட்டம் அதுவென்பதே என் முடிபு. 2011 மே மாதம் மான்ட்ரியாலில் 46 வயதில் ஜான் பாஸ்கலை வென்று, ஜார்ஜ் ஃபோர்மன் வைத்திருந்த மிக மூத்த உலக சாம்பியன் என்ற சாதனையை அவர் கடந்ததையே பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். ஏழாம் சுற்று தொடங்குமுன், எதிராளி மூலையிலிருந்து வரும்வரை மேடையில் தண்டால் எடுத்துக் காட்டியவர் அவர். அந்தத் துணிச்சல் வியக்கத்தக்கது. ஆனால் அன்று வென்றது குறைவாகக் குத்தி, கட்டிப்பிடித்து, ஆட்டத்தின் ஓட்டத்தைத் தடுக்கும் சாமர்த்தியம். அதை உச்சம் என்று நான் சொல்லமாட்டேன். 2001-ல் பார்த்ததை அப்படிச் சொல்வேன்.

இத்தகையோர் முன்னைவிட இன்று அதிகமாகத் தென்படுவதற்குக் காரணங்கள் உண்டு. சுகர் ரே ராபின்சன் 1957 மே 1 அன்று, தம் 36-ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, ஜீன் ஃபுல்மரை ஒற்றை இடது ஹூக்கால் வீழ்த்தி மிடில்வெயிட் பட்டத்தை மீட்டார். அதற்குள் 140-க்கும் மேற்பட்ட தொழில்முறைப் போட்டிகளில் அவர் அடிபட்டிருந்தார். ஒலெக்சாண்டர் உசிக் 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியை வென்று மறுப்பில்லாத (அதாவது எல்லா முக்கியப் பட்டங்களையும் ஒருங்கே கொண்ட) ஹெவிவெயிட் சாம்பியனானபோது 37 வயதினராக இருந்தாலும், அது அவருடைய 22-ஆவது தொழில்முறைப் போட்டிதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகு, 26 வயதில்தான் அவர் தொழில்முறைக்கு வந்தார். இன்றைய முன்னணி வீரர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையே மேடையேறுகிறார். 15 சுற்றுகளாக இருந்த பட்டப் போட்டி 1980-களில் 12 சுற்றுகளாகச் சுருங்கிவிட்டது. உடலின் வயது ஒன்று, வாங்கிய அடிகளின் கணக்கு இன்னொன்று. இரண்டாவதே வீரரை முதலில் முதியவராக்குகிறது.

கேள்வி: குறைந்த எடைப்பிரிவினருக்கும், அமெச்சூர் வீரர்களுக்கும் இது பொருந்துமா? மேரி கோம் முப்பத்தைந்தில் தங்கம் வென்றாரே?
— வேலூர் வாசகி

பதில்: குறைந்த அளவிலேயே பொருந்தும். ஹெவிவெயிட்டில் ஒரு குத்து போட்டியை முடித்துவிடக்கூடும் என்பதால் வேகம் குறைந்தவரும் பிழைத்துக்கொள்ளலாம். ஃபிளைவெயிட், பாண்டம்வெயிட் பிரிவுகளில் ஆட்டமே வேகம்தான். அங்கே முப்பதைத் தாண்டியதும் சரிவு பெரும்பாலும் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். ஃபிலிப்பைன்ஸில் பிறந்த நோனிட்டோ டொனைர் 2021-ல் 38 வயதில் பாண்டம்வெயிட் உலகப் பட்டத்தை வென்றது அரிய நிகழ்வு. மறு ஆண்டே நவோயா இனோவே இரண்டாம் சுற்றில் அவரை வீழ்த்திவிட்டார்.

அமெச்சூர் போட்டியோ மூன்று சுற்றுகளில் முடிந்துவிடுவதால், எதிராளியை நிதானமாகப் படித்துப் பிந்தைய சுற்றுகளில் மீண்டெழ அவகாசம் இல்லை. அனுபவசாலியின் பெரிய ஆயுதம் அங்கே பாதி மழுங்கிவிடுகிறது. அதனால்தான் 2018 நவம்பரில் புது தில்லியில், முப்பதுகளின் நடுவில் மூன்று குழந்தைகளின் தாயாக இருந்த மேரி கோம், உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை வென்று 48 கிலோ பிரிவில் ஆறாவது உலகத் தங்கம் பெற்றதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆயினும் அவருடைய இயல்பான எடை 48 கிலோ. ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு இல்லாததால் 51 கிலோவில் தம்மைவிடப் பெரிய உடலமைப்பு உடையவர்களுடன் மோத நேர்ந்தது. டோக்கியோவில் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் நூலிழையில் தோற்றார். அந்தத் தோல்வியை வயதின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியன்று.

கேள்வி: உச்சம் கடந்துவிட்டது என்பதை ஒரு வீரர் எப்படி அறிவார்? முகமது அலிக்கே அது தெரியவில்லையே?
— சேலம் வாசகர்

பதில்: மேடைக்கு முன்பே பயிற்சிக்கூடத்தில் தெரிந்துவிடும். இரண்டாண்டு முன்பு விலகித் தப்பிய குத்துகள், பயிற்சிச் சண்டையில் முகத்தில் படத் தொடங்கும்; பார்த்துக்கொண்டேதான் வாங்குவார். பயிற்சியாளருக்கு இது முதலில் புலப்படும். அதைச் சொல்லும் துணிவு எல்லோருக்கும் இருப்பதில்லை, ஏனெனில் அடுத்த போட்டியின் வருமானத்தில் அவருக்கும் பங்குண்டு.

அலியும் ஜோன்ஸைப் போலக் கைகளைத் தாழ்த்தி, தலையைப் பின்னுக்கிழுத்துத் தப்பியவர். அந்த வேகம் போனபின், அடியைத் தாங்கும் உறுதியை வைத்தே பல ஆண்டுகள் வென்றார். அதற்கு அவர் உடல் கொடுத்த விலை உலகறிந்தது. 1980 அக்டோபரில் 38 வயதில் லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்றுகள் அடிவாங்கிய பிறகு, பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டீ போட்டியை நிறுத்தினார். அதே ஹோம்ஸ் 1988-ல், தமக்கும் 38 வயதாகியிருந்தபோது, டைசனிடம் நான்காம் சுற்றில் வீழ்ந்தார். அத்துடன் அவர் கதை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1992 பிப்ரவரியில், 42 வயதில், அதுவரை தோல்வியறியாத ஒலிம்பிக் தங்க வீரர் ரே மெர்சரை அவர் புள்ளிகளில் வென்றார். அன்று அவருக்குக் கால்கள் இல்லை, வேகம் இல்லை. ஜாப் மட்டும் இருந்தது.