மைலேஜ் சிப்: 2,500 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள்

கேள்வி: என்னுடைய 125 சிசி பிஎஸ்-6 ஸ்கூட்டருக்கு ஆன்லைனில் ரூ.3,200 கொடுத்து ஒரு பெர்ஃபார்மன்ஸ் சிப் வாங்கி, தெரிந்த மெக்கானிக்கை வைத்து மாட்டினேன். பவரும் மைலேஜும் 30 சதவீதம் கூடும் என்றார்கள். முன்பு லிட்டருக்கு 46 கி.மீ. ஓடிய வண்டி இப்போது 44தான் ஓடுகிறது. இன்ஜின் விளக்கு வேறு எரிகிறது. போனில் கேட்டால் கேலி பேசினார்கள், வீட்டிலும் அவமானம். இப்போது ரூ.2,500 தருகிறோம், புகார் வேண்டாம் என்கிறார்கள். 5 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: கேலியையும் அவமானத்தையும் விடுங்கள். 'அந்தச் சிப்பை என் வண்டியில் மாட்டினேன்' என்று நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட நீங்கள் தயாரா? உங்கள் வழக்கில் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான்.

சிப் வேலை செய்யாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிஎஸ்-6 வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கும். இந்த மாதிரிச் சிப்கள் பல, காற்று குளிர்ந்திருப்பதாக இசியுவை ஏமாற்றிக் கூடுதல் பெட்ரோலை இறக்கப் பார்க்கும். கூடுதல் பெட்ரோலில் மைலேஜ் எப்படி ஏறும்? ஆனால் இதை நான் சொன்னால் சாட்சியம் ஆகாது. நீங்கள் டேங்க் நிரப்பிப் போட்ட கணக்கும் ஆகாது. டயரில் காற்று குறைவு, ஊரில் டிராஃபிக் என்று எதிர்த்தரப்பு இரண்டே கேள்வியில் முடித்துவிடும். 2019 நுகர்வோர் சட்டத்தின் 38வது பிரிவில் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். கட்டணத்தை உங்களைத்தான் கட்டச் சொல்வார்கள். 3,200 ரூபாய்ப் பொருளுக்கு அது கட்டுப்படியாகுமா?

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்.சி. விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். பவர் கூடியது என்று விற்றவர் சாதித்தால் மாட்டிக்கொள்வது நீங்கள், விற்றவர் அல்ல. சிறைக்குப் போவீர்கள் என்று பயமுறுத்தவில்லை. இன்சூரன்ஸுக்குத்தான் பயப்படச் சொல்கிறேன்.

என் கட்சிக்காரர் ஒருவர் இதே மாதிரி வழக்கில் ஜெயித்தார். விலையைத் திருப்பித் தர உத்தரவு. வழக்கு நடக்கும்போதே வண்டி சறுக்கி விழுந்து சேதம். இன்சூரன்ஸ் சர்வேயர் வயரிங்கில் ஒட்டுப் போட்டிருப்பதைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று சொல்ல வழியில்லை; அவருடைய பிரமாணப் பத்திரமே ஆணையத்தின் கோப்பில் இருந்தது. கிளெய்ம் நிராகரிப்பு. வாரன்ட்டியும் அதே பத்திரத்தோடு போனது.

ஆகவே 2,500ஐ வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் ஏறும்வரை சிப்பைத் திருப்பித் தராதீர்கள், உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி அது. விளம்பரம், பில், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அவர்கள் நீட்டும் தாளில் 'என் சொந்தப் பொறுப்பில் மாட்டினேன்' என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு, 'பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெற்றேன்' என்று மட்டும் எழுதுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். பெரும்பாலும் அதற்கே இறங்கி வருவார்கள். புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, அவசரமில்லை.

சிப்பை இன்றே கழற்றுங்கள். சர்வீஸ் சென்டரில் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள்.